மருத்துவக் கல்லூரி விருப்ப வரிசை: தமிழ்நாட்டுச் சேர்க்கை முறையின் வரலாறு

மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தாம் சேர விரும்பும் கல்லூரிகளை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தித் தரும் பட்டியல் விருப்ப வரிசை எனப்படும். கலந்தாய்வு இணையவழிக்கு மாறிய பிறகு இது 'சாய்ஸ் ஃபில்லிங்' என்ற பெயரில் வீடுதோறும் அறிமுகமாகிவிட்டது.

ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கிடைக்காது என்று தெரிந்த கல்லூரியை முதலில் எழுதலாமா? அப்படி எழுதினால், கிடைக்கக்கூடிய கல்லூரியும் கைவிட்டுப் போய்விடுமா?" இந்த அச்சத்தால், மனத்தில் முதலிடம் பெற்ற கல்லூரியைப் பட்டியலில் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் எழுதும் மாணவர்கள் உள்ளனர்.

பட்டியலை எந்த விதியின்படி படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இக்கேள்விக்கு விடை அமையும். சில விதிகளில் விருப்பத்தை உள்ளபடி எழுதுவது ஆபத்து. வேறு சில விதிகளில் உள்ளபடி எழுதாமல் இருப்பதுதான் ஆபத்து. தமிழ்நாட்டில் இந்த இரு வகை விதிகளும் வெவ்வேறு காலங்களில் நடைமுறையில் இருந்துள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை அறிந்தால், இன்று பட்டியலை எப்படி எழுத வேண்டும் என்பதும் தெளிவாகும்.

தேர்ந்தெடுக்க ஒன்றே இருந்த காலம்

சென்னையில் 1835-இல் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அது 1850-இல் கல்லூரியாயிற்று. தமிழ்ப் பகுதிகளிலிருந்து மருத்துவப் பட்டம் படிக்க விரும்பியோருக்கு நெடுங்காலம் சென்னை மருத்துவக் கல்லூரியே வாய்ப்பாக இருந்தது. எந்தக் கல்லூரி என்ற கேள்வி அன்று எழவில்லை. உள்ளே நுழைய முடியுமா என்பதே கேள்வி. 1875-இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் அங்குச் சேர்க்கப்பட்டனர். 1907-இல் புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி அங்குச் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். அவர் கடக்க வேண்டியிருந்த தடைகளுள் கல்லூரிகளை வரிசைப்படுத்துவது இல்லை.

பிறகு கல்லூரிகள் பெருகின. 1923-இல் விசாகப்பட்டினத்திலும், 1938-இல் சென்னையில் ஸ்டான்லி என்ற பெயரிலும், 1946-இல் குண்டூரிலும் மருத்துவக் கல்லூரிகள் உருவாயின. அப்போது ஆந்திரப் பகுதியும் சென்னை மாநிலத்துக்குள் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் வந்த பிறகும் மாணவரின் விருப்பத்துக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. யாருக்கு எத்தனை இடம் என்பதை வகுப்பும் மாவட்டமும் முடிவு செய்தன.

1951: 330 இடங்களின் கணக்கு

செண்பகம் துரைராஜன் வழக்கு இட ஒதுக்கீட்டு வரலாற்றில் புகழ்பெற்றது. அந்த வழக்கின் தீர்ப்பில் அன்றைய மருத்துவச் சேர்க்கையின் கணக்கும் பதிவாகியுள்ளது. மாநில அரசு நடத்திய நான்கு மருத்துவக் கல்லூரிகளில் மொத்தம் 330 இடங்கள் இருந்தன. அவற்றுள் 17 இடங்கள் வெளி மாநிலத்தவருக்கும், 12 இடங்கள் அரசின் விருப்புரிமைக்கும் ஒதுக்கப்பட்டன. எஞ்சியவை நான்கு மாவட்டத் தொகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதன்பின், 14 இடங்களுக்கு 6 பிராமணரல்லாத இந்துக்கள், 2 பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், 2 பிராமணர், 2 அரிசனர், 1 ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும், 1 முஸ்லிம் என்ற விகிதத்தில் நிரப்பப்பட்டன.

செண்பகம் துரைராஜன் விண்ணப்பம் அளித்ததாகவே தெரியவில்லை என்று தீர்ப்பு குறிப்பிடுகிறது. விசாரித்தபோது தமக்கு இடம் கிடைக்காது என்று அறிந்து அவர் நீதிமன்றத்தை நாடினார். 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணையைச் செல்லாது என்று அறிவித்தது. அதன் விளைவாக அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பிரிவு 15(4) சேர்க்கப்பட்டு, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் கல்வியில் ஒதுக்கீடு செய்ய வழி ஏற்பட்டது.

இந்த வழக்கு பெரும்பாலும் வகுப்புவாரி ஒதுக்கீட்டுக்காகவே பேசப்படுகிறது. விருப்ப வரிசையின் வரலாற்றில் மாவட்டத் தொகுதி என்ற சொல்லும் முக்கியமானது. மாணவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்பது அவர் யாருடன் போட்டியிடுகிறார் என்பதைத் தீர்மானித்தது. அடுத்த இருபது ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்த விவாதம் இதைப் பற்றியதே.

1968: மாவட்ட வாரிப் பங்கீடு

மதுரையில் 1954-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அடுத்த பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் தஞ்சாவூர், கீழ்ப்பாக்கம், செங்கல்பட்டு, திருநெல்வேலி, கோயம்புத்தூர் ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் வந்தன. ஊருக்கு அருகில் ஒரு கல்லூரி என்ற நிலை உருவானது.

அப்போது இருந்த விதிப்படி, மொத்த இடங்கள் ஒவ்வொரு மாவட்டத்தின் மக்கள்தொகை விகிதத்தில் பிரிக்கப்பட்டன. அப்படிப் பிரிக்காவிட்டால் சென்னை நகர மாணவர்களே அளவுக்கு மீறிய இடங்களைப் பெற்றுவிடுவார்கள் என்பது அரசின் வாதம். நல்ல பள்ளிகள் நகரங்களில் குவிந்திருந்த காலத்தில் இந்தக் கவலையைப் பொருளற்றது என்று தள்ளிவிட முடியாது.

பி. ராஜேந்திரன் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968 ஜனவரியில் இந்த விதியை நீக்கியது. ஒரு மாவட்டத்தில் குறைந்த தகுதி உடையவர் இடம் பெறவும், மற்றொரு மாவட்டத்தில் அவரைவிடத் தகுதி மிக்கவர் வெளியே நிற்கவும் இது இடம் தருகிறது என்பது காரணம். பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டை நீதிமன்றம் அதே தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது.

1970: அலகு முறை என்ற பந்தயம்

மாவட்ட முறை போனபின் அரசு வேறொரு முறையைக் கொண்டுவந்தது. சென்னை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரிகள் அனைத்தும் சேர்ந்து ஓர் அலகு. வெளியூர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனி அலகு. ஒவ்வோர் அலகுக்கும் தனித் தேர்வுக் குழு. மாணவர் ஏதேனும் ஒரு குழுவுக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். தம் ஊருக்கு அருகில் உள்ள குழுவுக்கு விண்ணப்பிப்பது நல்லது என்று அறிவுரையும் கூறப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களுக்கு விண்ணப்பித்தாலும், அரசு ஒரே ஒரு குழுவுக்குத்தான் அந்த விண்ணப்பத்தை அனுப்பும்.

இந்த முறையில் விருப்பப் பட்டியலின் நீளம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மீள வழியில்லை. எந்த அலகில் போட்டி குறைவாக இருக்கும் என்று ஊகிப்பது, மதிப்பெண் எடுப்பதற்கு இணையான முக்கியத்துவம் பெற்றது. சென்னையில் நல்ல மதிப்பெண்ணுடன் இடம் கிடைக்காமல் போனவர், அதைவிடக் குறைந்த மதிப்பெண்ணுடன் வேறோர் அலகில் ஒருவர் சேர்ந்ததைப் பார்க்க நேர்ந்தது. போதாக்குறைக்கு, நேர்காணலுக்கு 75 மதிப்பெண் இருந்தது. எழுத்துத் தேர்வில் பெற்ற சில மதிப்பெண் வேறுபாட்டை நேர்காணல் எளிதில் புரட்டிவிடக்கூடியதாக இருந்தது.

ஏ. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு மாநிலம் என்ற வழக்கில் 1970 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அலகு வாரியாக இடங்களைப் பிரிப்பது அரசமைப்புச் சட்டத்தின் 14, 15 ஆகிய பிரிவுகளுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நேர்காணல் மதிப்பெண் வழங்கிய முறையையும் கண்டித்தது.

தமிழ்நாட்டு விருப்ப வரிசையின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். மாநிலம் முழுவதற்கும் ஒரே தகுதிப் பட்டியல் இருக்க வேண்டும். எந்தக் கல்லூரி என்ற விருப்பம் அதற்குப் பிறகே வர வேண்டும் என்ற கருத்துக்கு இத்தீர்ப்பு வழி திறந்தது. இன்றைய கலந்தாய்வு இந்தக் கருத்தின்மீதே நிற்கிறது.

அமெரிக்க மாணவர்கள் எழுப்பிய அதே கேள்வி

உண்மையான விருப்பத்தை எழுதியவர் தண்டிக்கப்படலாமா என்ற இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இதைக் கணித அடிப்படையில் புரிந்துகொள்ள உதவியது அமெரிக்க மருத்துவத் துறையின் அனுபவம். அங்கே அது கல்லூரிச் சேர்க்கையில் எழவில்லை. படிப்பை முடித்தவர்கள் பயிற்சி மருத்துவர்களாக மருத்துவமனைகளில் சேரும் கட்டத்தில் எழுந்தது.

1940-களில் மருத்துவமனைகள் போட்டி போட்டுக்கொண்டு மாணவர்களை முன்கூட்டியே பிடித்து வைத்தன. படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே பணி வாய்ப்பு வந்தது. உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடியும் வந்தது. இதற்குத் தீர்வாக, மாணவர்களும் மருத்துவமனைகளும் தத்தம் விருப்பப் பட்டியலைத் தரவும், ஒரு மைய அலுவலகம் இணைத்து வைக்கவும் திட்டமிட்டனர்.

முதலில் முன்வைக்கப்பட்ட விதி எளிமையானது. இரு தரப்பும் ஒருவரையொருவர் முதலிடத்தில் எழுதியிருந்தால் அவர்களை முதலில் இணைப்பது; பிறகு அடுத்தடுத்த விருப்பங்களுக்குச் செல்வது. மாணவர்கள் இதிலுள்ள குறையைக் கண்டுபிடித்தனர். எட்டாத மருத்துவமனையை முதலிடத்தில் எழுதியவர் அங்கே இடம் பெறாமல் இரண்டாம் விருப்பத்துக்கு வரும்போது, அந்த இடம் அதை முதலாவதாக எழுதிய வேறொருவருக்குப் போயிருக்கும். அவரைவிட இவரையே அந்த மருத்துவமனை விரும்பியிருந்தாலும் பயனில்லை. மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் விதி மாற்றப்பட்டு, 1952-இல் புதிய முறையில் இணைப்பு நடந்தது.

1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். விண்ணப்பிப்போர் தம் உண்மையான விருப்பத்தைக் கூறுவதால் எந்த இழப்பும் அடையாத வகையில் ஒரு முறையை அமைக்க முடியும் என்ற ஆய்வு அதிலிருந்து வளர்ந்தது. 1952 முதல் நடைமுறையில் இருந்த மருத்துவர் இணைப்பு முறை அடிப்படையில் இந்தக் கணித முறையோடு ஒத்தது என்பதை ஆல்வின் ராத் 1984-இல் காட்டினார். ராத், ஷாப்லி இருவருக்கும் 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மாறாக, பிரிட்டனில் நியூகாசில், பர்மிங்காம் ஆகிய பகுதிகளில் 1960-களில் தொடங்கிய மருத்துவர் இணைப்பு முறைகள், எத்தனையாவது விருப்பம் என்பதற்கே முன்னுரிமை தந்தன. பலர் முன்பே தமக்குள் பேசி முடித்துக்கொண்டு ஒரே ஒரு பெயரை மட்டும் பட்டியலில் எழுதத் தொடங்கினர். அந்த முறைகள் காலப்போக்கில் கைவிடப்பட்டன. உண்மையை எழுதுவோருக்கு இழப்பு நேர்ந்தால், பட்டியலில் உண்மை இருக்காது என்பதே இதன் பாடம்.

நுழைவுத் தேர்வும் ஒற்றைச் சாளரமும்

தமிழ்நாட்டில் ஒரே தகுதிப் பட்டியல் என்ற கருத்து வந்தபின், அந்தத் தகுதியை எதைக்கொண்டு அளப்பது என்ற விவாதம் தொடர்ந்தது. 1984-இல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு தொடங்கியது. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் 200-க்கும் நுழைவுத் தேர்வு 100-க்கும் கணக்கிடப்பட்டு, 300-க்குக் கட்ஆஃப் பார்க்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் மேல்நிலை மதிப்பெண் மட்டுமே 200-க்குக் கணக்கிடப்பட்டது. 2017 முதல் நீட் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. இம்மாற்றங்களின் நன்மை தீமை வேறு கட்டுரைக்கு உரியவை. தகுதியை அளக்கும் கோல் மாறியபோதும், தரவரிசைப்படி அழைத்து விருப்பப்படி இடம் தருவது என்ற அடிப்படை மாறவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

இதனிடையே இரண்டு மாற்றங்கள் விருப்ப வரிசையைப் பாதித்தன. முதலாவது, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். 1988-இல் இது செயல்படத் தொடங்கியபின் மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகள் இதன்கீழ் வந்தன. சென்னையில் படித்தாலும் திருநெல்வேலியில் படித்தாலும் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் ஒன்றே. இணைந்த கல்லூரிகளுக்கு இடையே வேறுபாடு இனி பட்டத்தில் இல்லை. மருத்துவமனையின் அளவிலும், வரும் நோயாளிகளின் எண்ணிக்கையிலும், ஆசிரியர்களிலும், ஊரிலும்தான் இருந்தது.

இரண்டாவது, தனியார் கல்லூரிகளின் வருகை. அவற்றின் சேர்க்கை பற்றி 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்தது. தனியார் கல்லூரிகளின் இடங்களும் தகுதி அடிப்படையில் பொதுவாக நிரப்பப்பட வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் 2002, 2005 தீர்ப்புகள் அத்திட்டத்தை மாற்றின. ஆயினும் அரசு இடங்களையும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களையும் ஒரே இடத்தில் நிரப்பும் ஒற்றைச் சாளர முறை நிலைபெற்றது.

கலந்தாய்வுக் கூடத்தில் தரவரிசை எண்படி மாணவர் அழைக்கப்படுவார். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதி என்பது திரையில் தெரியும். மாணவர் ஒன்றைச் சொல்வார். சற்று நேரத்தில் ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும். மதிப்பெண்ணும் பிறந்த தேதியும் சமமாக இருந்தால் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். இம்முறையில் பட்டியல் எழுதும் தேவையே இல்லை. கண்முன் இருப்பவற்றுள் சிறந்ததைக் கேட்டால் போதும். ஊகத்துக்கு இடமில்லை.

ஒதுக்கீடும் விருப்பமும்: 1996 தீர்ப்பு

ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் பொதுப் போட்டியிலேயே இடம் பெறும் அளவுக்கு மதிப்பெண் எடுத்திருக்கிறார். பொதுப் பிரிவில் அவருக்குக் கிடைப்பது அவர் விரும்பாத கல்லூரி. அவருடைய ஒதுக்கீட்டுப் பிரிவிலோ அவர் விரும்பிய கல்லூரியில் இடம் இருக்கிறது. அவர் எதைப் பெறலாம்? பொதுப் பிரிவுக்குள் அவரை அடைத்துவிட்டால், அவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவர் நல்ல கல்லூரியைப் பெறுவார். அதிக மதிப்பெண் எடுத்ததே அவருக்கு இழப்பாகிவிடும்.

மராட்டிய மாநிலத்திலிருந்து வந்த ரித்தேஷ் சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் இதற்கு விடை கூறியது. அத்தகைய மாணவர் ஒதுக்கீட்டு இடத்தின்வழி தமக்கு விருப்பமான கல்லூரியைப் பெறலாம்; ஆனால் ஒதுக்கீட்டு விழுக்காட்டைக் கணக்கிடும்போது அவர் பொதுப் பிரிவினராகவே கருதப்படுவார். இதனால் அவருக்கும் இழப்பில்லை. அவர் பிரிவைச் சேர்ந்த மற்றவர்களின் பங்கும் குறையாது. எனவே 'பொதுப் பிரிவில் வந்துவிடுவேனோ' என்று அஞ்சிப் பட்டியலை மாற்ற வேண்டியதில்லை.

கூடத்திலிருந்து திரைக்கு

1984-இல் பிரதீப் ஜெயின் வழக்குத் தீர்ப்பிலிருந்து அகில இந்திய ஒதுக்கீடு பிறந்தது. 1986 முதல் அது மாநில அரசுக் கல்லூரிகளின் மொத்த எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடாக உள்ளது. இந்த இடங்களுக்கான கலந்தாய்வு, மாநிலக் கலந்தாய்வுக்கு முன்பே இணையவழிக்குச் சென்றது. தமிழ்நாட்டில் பொதுப் பிரிவுக் கலந்தாய்வு 2022-இல் இணையவழியில் நடந்தது. அதே ஆண்டு ஜனவரி 12-இல் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டு 1450 இடங்கள் கூடின. அரியலூர், விருதுநகர், நாமக்கல், இராமநாதபுரம், நீலகிரி என்று முன்பு அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களின் பெயர்கள் பட்டியலில் ஏறின.

மாணவருக்கு இது பெரிய மாற்றம். கூடத்தில் ஒரு முறை ஒரு பெயரைச் சொன்னால் போதும். இணையத்தில், தம் முறை வரும்போது என்னென்ன இடம் மீதி இருக்கும் என்று தெரியாமல், எல்லா நிலைக்கும் சேர்த்து முன்கூட்டியே எழுத வேண்டும். பழைய அச்சம் இங்குதான் மீண்டும் தலைதூக்கியது.

உண்மையில் கணினி செய்வது, கூடத்தில் நடந்ததையே. முதல் தரவரிசை எண்ணை எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, இடம் உள்ள முதல் கல்லூரியை அவருக்குத் தருகிறது. பிறகு இரண்டாம் எண். உங்கள் எண் வரும் வரை உங்கள் பட்டியல் திறக்கப்படுவதில்லை. திறந்தபின், மேலே உள்ள கல்லூரி நிரம்பியிருந்தால் கணினி அடுத்த வரிக்குச் செல்லும். நிரம்பிய கல்லூரியை எழுதியதற்காக எந்தத் தண்டனையும் இல்லை. உங்களுக்குப் பின்னுள்ள எண்ணுடையவர், உங்கள் இரண்டாம் விருப்பத்தைத் தம் முதல் விருப்பமாக எழுதியிருந்தாலும் உங்களை முந்த முடியாது.

ஓர் எளிய எடுத்துக்காட்டு

மதுரை, தஞ்சாவூர், தூத்துக்குடி ஆகிய மூன்று கல்லூரிகளில் தலா ஓர் இடம் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். தரவரிசையில் 1, 2, 3 என்று மூன்று மாணவர்கள். மூவரும் மதுரையை முதலிலும், தஞ்சாவூரை அடுத்தும், தூத்துக்குடியைக் கடைசியிலும் விரும்புகின்றனர்.

இன்றைய விதிப்படி எல்லாரும் உள்ளபடி எழுதினால் முதலாமவருக்கு மதுரை, இரண்டாமவருக்குத் தஞ்சாவூர், மூன்றாமவருக்குத் தூத்துக்குடி. மூன்றாமவர் தந்திரமாகத் தஞ்சாவூரை முதலில் எழுதினாலும் இந்த முடிவு மாறாது.

அமெரிக்காவில் 1951-இல் எதிர்க்கப்பட்ட வகையைச் சேர்ந்த விதியாக இருந்தால் கதை வேறு. அங்கே முதல் விருப்பங்களே முதலில் பார்க்கப்படும். தஞ்சாவூரை முதலாவதாக எழுதியவர் மூன்றாமவர் மட்டுமே. எனவே இடம் அவருக்கு. உண்மையை எழுதிய இரண்டாமவர் தூத்துக்குடிக்குத் தள்ளப்படுவார். அந்த விதியில் அச்சம் நியாயமானது.

இனி இன்றைய விதியில் அச்சம் என்ன செய்யும் என்று பார்ப்போம். மதுரை தமக்குக் கிடைக்காது என்று எண்ணி, இரண்டாமவர் தஞ்சாவூரை முதலிலும் மதுரையை அடுத்தும் எழுதிவிடுகிறார். முதலாமவரோ அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறொரு கல்லூரியில் சேர்ந்து விலகிவிடுகிறார். இப்போது மதுரை இடம் காலி. கணினி இரண்டாமவருக்கு அவர் எழுதியபடியே தஞ்சாவூரைத் தருகிறது. மதுரை மூன்றாமவருக்குப் போகிறது. இரண்டாமவரிடமிருந்து இடத்தை யாரும் பறிக்கவில்லை. அவருடைய பட்டியலே அதை விட்டுக்கொடுத்தது.

மேலே உள்ளவர்கள் விலகுவது அரிதான செய்தியன்று. அகில இந்திய ஒதுக்கீடு, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், எய்ம்ஸ், ஜிப்மர் என்று அவர்களுக்குப் பல வழிகள் உண்டு. ஆகவே சென்ற ஆண்டின் கடைசி தரவரிசை எண்ணைப் பார்த்து வாய்ப்பை மதிப்பிடலாம்; அதைக்கொண்டு விருப்பத்தின் வரிசையை மாற்றக்கூடாது. பட்டியலின் அடிப்பகுதியில் எத்தனை கல்லூரிகள் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்யவே அந்த எண் உதவும்.

சுற்றுகள் என்ற புதிய சிக்கல்

ஒரு சுற்றுக்குள் உண்மையை எழுதுவதே நல்லது. சுற்றுகளுக்கு இடையில் எச்சரிக்கை தேவை. அகில இந்தியக் கலந்தாய்வில் முதல் சுற்றில் சேர்ந்த மாணவர், அடுத்த சுற்றில் மேம்பாடு கேட்கலாம். அப்போது புதிய இடம் கிடைத்தால் பழைய இடம் தானாகவே நீங்கிவிடும். புதியது பிடிக்கவில்லை என்று பழையதற்குத் திரும்ப முடியாது. எனவே மேம்பாட்டுக்கான பட்டியலில், கையில் உள்ள கல்லூரியைவிட உறுதியாக மேலானவை என்று கருதும் கல்லூரிகள் மட்டுமே இருக்க வேண்டும். முதல் சுற்றுப் பட்டியலை அப்படியே மீண்டும் பதிந்தால், இருப்பதைவிடக் கீழான இடத்துக்கு மாற நேரிடும்.

எந்தச் சுற்றில் விலகினால் வைப்புத்தொகை போகும், எந்தச் சுற்றில் சேர்ந்தபின் விலக முடியாது என்பன போன்ற விதிகள் அந்தந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டில் இருக்கும். அவை மாறக்கூடியவை; அந்த ஆண்டுக்கான ஏட்டையே படிக்க வேண்டும்.

கட்டணமும் தூரமும்

2020-இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு நவம்பரில் கலந்தாய்வு நடந்தபோது ஒரு நிகழ்வு கவனத்தை ஈர்த்தது. தரவரிசைப்படி தனியார் கல்லூரி இடம் கிடைத்தும், கட்டணம் கட்ட வழியின்றி அதை விட்டுச்சென்ற மாணவர்கள் இருந்தனர். அதன்பின்னரே அவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது.

விருப்ப வரிசை என்று சொல்கிறோம். ஆனால் பல வீடுகளில் அதை எழுதுவது விருப்பம் மட்டுமன்று. கட்டணமும், விடுதிச் செலவும், மகளைத் தொலைதூரம் அனுப்பும் தயக்கமும் சேர்ந்தே எழுதுகின்றன. இவற்றைக் கணக்கில் எடுப்பது தவறில்லை. கட்ட முடியாத கட்டணம் உள்ள கல்லூரியைப் பட்டியலில் சேர்ப்பதுதான் தவறு; கிடைத்துவிட்டால் வேறு இடமும் போகும். அறிவிப்பு எப்போது வருகிறது என்பதும் முக்கியம். பட்டியல் எழுதும் முன்பே உதவித்தொகை பற்றிய விவரம் தெரிந்தால்தான், ஏழை மாணவரின் பட்டியலும் உண்மையான விருப்பப் பட்டியலாக இருக்கும்.

இலங்கையில்

இலங்கைத் தமிழ் மாணவர்களுக்கு இந்தப் பட்டியல் பல்கலைக்கழகங்களின் பெயர்களால் ஆனது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், உறுகுணை, கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களை அவர்கள் விண்ணப்பத்தில் வரிசைப்படுத்துகின்றனர். தமிழ்நாட்டில் 1968-இல் நீக்கப்பட்ட மாவட்ட அடிப்படை அங்கே இன்றும் தொடர்கிறது. பெரும்பாலான துறைகளில் 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய தகுதியிலும், 55 விழுக்காடு மாவட்ட அடிப்படையிலும், 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் தரப்படுகின்றன. 1970-களின் தரப்படுத்தல் கொள்கை தமிழ் மாணவர்களிடையே ஏற்படுத்திய காயம் அந்நாட்டு வரலாற்றின் பகுதி. 1978-இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான்.

மாணவர் கவனத்துக்கு

மேலே கண்ட வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை சிலவே.

முதலில், பட்டியலைப் படிக்கும் விதியை அறிந்துகொள்ளுங்கள். தரவரிசை முதலில், விருப்பம் பிறகு என்பது விதியானால், மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள். பிற மாநிலத்திலோ பிற நாட்டிலோ விண்ணப்பிக்கும்போது, அங்கும் இதே விதிதான் என்று எண்ணிவிடாதீர்கள்.

சேர மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை எழுதாதீர்கள். சேரக்கூடிய கல்லூரி எதையும் விடாதீர்கள். முடிந்தால், பட்டியலில் அடுத்தடுத்து உள்ள இரண்டிரண்டு கல்லூரிகளாக எடுத்து, 'இரண்டும் கிடைத்தால் எதில் சேர்வேன்?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கீழே உள்ளதில் சேர்வேன் என்று பதில் வந்தால் வரிசையை மாற்றுங்கள். பெற்றோருடன் சேர்ந்து இதைத் தாளில் எழுதி முடித்த பிறகு கணினியில் பதிவது நல்லது. இறுதி நேரத்துக்கு முன்பே பட்டியலை உறுதிசெய்து, அச்சுப்படி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1970-இல் ஒரு மாணவர் ஒரே ஒரு பெயரை எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விதியை மாற்ற வழக்கு நடத்தியவர்களும் மாணவர்களே. அமெரிக்காவில் குரல் கொடுத்தவர்களும் மாணவர்களே. எட்டாதது என்று பிறர் சொல்லும் கல்லூரியையும் முதலில் எழுதும் உரிமை அவ்வாறு கிடைத்தது. அதை அச்சத்தால் விட்டுவிட வேண்டியதில்லை.